பெரியாற்று நீரும் மேகக் கணினியும்



கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஓர் உண்மை யாரும் கற்பிக்காமலே தெரியும். நம் வயலில் பாயும் நீரில் பெரும்பகுதி நம் பக்கத்து மலையில் பெய்தது அன்று. மலைக்கு அப்பால் பெய்த மழை. மேற்குக் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் சற்று மிகுந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் வேலை நடந்து, 1895-இல் நீர் நம் பக்கம் வந்தது. அணை நிற்கும் இடம் இன்று கேரளத்தில் இருக்கிறது. அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. அந்த நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. லோயர் கேம்பில் மின்சாரமும் பிறக்கிறது.

ஒரு பொருள் நம் வீட்டில் இல்லாமலேயே நமக்குப் பயன்படலாம். நிலம் ஒருவருடையதாகவும், அதன் மேல் நடக்கும் வேலை மற்றொருவருடையதாகவும் இருக்கலாம். இதனை வரலாற்று ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லி வந்தேன். இன்று அதே பாடத்தை, வரலாற்று நூல்களில் இன்னும் நன்கு இடம்பெறாத ஒரு பொருளைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். அதுதான் ‘கிளவுட்’ என்று எல்லாரும் வழங்கும் மேகக் கணினி. அதிலே ஒரு வலை வழங்கியை நிறுவுவதும், அது பிறக்கும்போதே தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும்படி கட்டளைகளை எழுதி வைப்பதும் எவ்வாறு வந்தன என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; இப்பொருளில் எனக்கு ஏன் அக்கறை பிறந்தது என்பது அதனால் விளங்கும்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், மாணவர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்துப் பழைய ஆண்டு மலர்களைத் தட்டச்சுச் செய்தார்கள். ஊர் முதியவர்களைக் கண்டு அவர்கள் சொன்னவற்றைப் பதிவும் செய்தார்கள். அவர்களுள் ஒருவர், தம் தந்தையார் காலம் தொட்டு வாய்க்காலில் மடை பார்த்தவர். எந்த மடையை முதலில் திறப்பது, நீர் குறைந்த ஆண்டில் எந்த வரிசையில் முறை வைப்பது, கடைமடைக்கு நீர் எத்தனை நாழிகையில் போய்ச் சேரும் என்பனவெல்லாம் அவர் மனத்தில் இருந்தன. எந்த ஏட்டிலும் இல்லை. மூன்று மாலைப் பொழுதுகள் அவர் பேசினார். இவை யாவும் ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருந்த ஒரு கணினியில் சேர்க்கப்பட்டன. அதனைச் ‘சர்வர்’ ஆக்கி, மற்றக் கணினிகளிலிருந்து படிக்கும்படி செய்தவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டான்.

2011-ஆம் ஆண்டுச் சித்திரையில் கோடை மழையோடு இடி விழுந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்தக் கணினி எழவில்லை. மலர்களில் பாதி வேறொரு தட்டில் இருந்தன. முதியவரின் பேச்சு இல்லை. அவரும் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். புதுக் கணினி ஒன்று வாங்கினோம். ஆனால் பழையதை எவ்வாறு அமைத்தார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என்ன நிறுவினான், எந்த வரிசையில் நிறுவினான், எந்த அமைப்பை மாற்றினான் என்பதெல்லாம் அம்மாணவனின் நினைவில் மட்டும் இருந்தன. மடைக்காரரின் அறிவும் அம்மாணவனின் அறிவும் ஒரே வகையாகவே எங்களை விட்டுப் போயின. எழுதி வைக்காத தவறு பிறருடையது அன்று, தலைமையாசிரியனாகிய என்னுடையது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கணினியின் வரலாற்றைப் பலர் வேகத்தின் வரலாறாக எழுதுவர். அல்லது அளவு சிறுத்துக்கொண்டே வந்த வரலாறாக எழுதுவர். வேறொரு வகையாகவும் அதனை நோக்கலாம். ‘தொடங்கும் முறையை எழுதி வைத்தல்’ என்பதன் வரலாறாகவும் அது இருக்கிறது.

1946-இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான ‘எனியாக்’ என்னும் பெரிய கணினிக்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்க வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும்; நூற்றுக்கணக்கான திருகுகளை மாற்ற வேண்டும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். கட்டளைகளையும் கணினியின் நினைவகத்திலேயே வைக்கும் முறை பின்னர் வந்தது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. நினைவகம் வெறுமையாக இருக்கும்போது, கட்டளைகளைப் படித்து உள்ளே வைக்கச் சொல்லும் முதற் கட்டளையை யார் வைப்பது? வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய சாவியைப் போன்ற நிலை இது.

இதற்கு விடை கண்டவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர். மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவான ‘எட்சாக்’ கணினி, 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் தன் முதற் கணக்கைச் செய்தது. அதற்காக டேவிட் வீலர் என்னும் இளைஞர் 31 கட்டளைகளை எழுதினார். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் அவை நிலையாகப் பொருத்தப்பட்டன. தொடங்கும் விசையை அழுத்தியவுடன் அந்த 31 கட்டளைகளும் நினைவகத்தில் ஏறும். அவை துளையிட்ட நாடாவைப் படிக்கும். நாடாவில் உள்ள வேலை நடைபெறும். இன்று எவ்வளவு பெரிய கணினியானாலும், அது கண்விழிக்கும் முறை அடிப்படையில் இதுவேதான்.

நம் நாட்டிலும் இத்துறை அன்றே தொடங்கிவிட்டது. பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், இரங்கசாமி நரசிம்மன் முதலியோர் முயற்சியால் உருவான கணினி 1960-இல் பணிக்கு வந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார்.

1961-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் நினைவில் நிற்கத்தக்கது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போலக் கணித்தலும் ஒருநாள் பொதுமக்களுக்கு வழங்கப்படும் சேவையாக அமையலாம் என்று கூறினார். வீட்டுக்கு வீடு கிணறு தோண்டாமல் குழாயில் நீர் பெறுவது போன்ற கருத்து இது. அதே நிறுவனத்தில் அதே ஆண்டில், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் ‘நேரப் பங்கீட்டு’ முறை செய்து காட்டப்பட்டது. வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சும் நமக்கு இது புதிதன்று. கணினியின் முறை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பல தடவை மாறிவிடுவதால், ஒவ்வொருவரும் முழுக் கணினியும் தமக்கே உரியது என்று எண்ணிக்கொள்வர். வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த நேரப் பங்கீட்டுக் கணினியில்தான் பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான் 1960-களின் முற்பகுதியில் ‘ரன்காம்’ என்னும் கருவியைச் செய்தார். மனிதர் ஒவ்வொன்றாகத் தட்டச்சிடும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால், கணினி அவற்றைத் தானே ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். ‘ஸ்கிரிப்ட்’ என்று இன்று மாணவர்கள் சொல்வதன் பழைய உருவம் இது. பின்னர் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில், தொடக்கத்தில் செய்ய வேண்டியவற்றை எழுதிய கோப்புக்கு ‘ஆர்சி’ என்று பெயர். அந்த ஈரெழுத்துப் பெயர் ரன்காமிலிருந்து வந்ததாகும். அதே பத்தாண்டின் இடைப்பகுதியில், ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தார் ஓர் இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள் இருப்பதுபோல் இயங்கச் செய்தனர். இந்தக் கேம்பிரிட்ஜ் அமெரிக்காவில் உள்ளது. இங்கிலாந்தில் உள்ளதோடு குழப்பிக்கொள்ள வேண்டா.

ஆக, இன்றைய மேகக் கணினிக்கு வேண்டிய மூன்று கருத்துகளும், அதாவது பொதுச் சேவை, மெய்நிகர் இயந்திரம், எழுதி வைத்த தொடக்கம் ஆகியவை, 1960-களிலேயே பிறந்துவிட்டன. அவை ஒன்றுகூட நாற்பது ஆண்டுகள் ஆயின. இடையில் வேண்டியிருந்தது இணையம்.

1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனிவாவுக்கு அருகே உள்ள ‘செர்ன்’ ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலை வழங்கியை இயக்கினார். அது அவர் மேசைமேல் இருந்த ஒரு கணினி. இதனை அணைத்துவிடாதீர்கள் என்று அதன் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். யாரேனும் அறியாமல் விசையைத் தொட்டிருந்தால், அன்றைய வையவிரிவு வலை முழுவதும் நின்றுபோயிருக்கும்! என் பள்ளிக் கணினியின் மேல் அப்படி ஒரு தாள் கூட இல்லையே என்று, இதைப் படித்த நாளில் நான் எண்ணிக்கொண்டேன்.

இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் ‘எர்நெட்’ திட்டம் 1986-இல் தொடங்கிற்று. சென்னை ஐஐடியும் அதில் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். தமிழும் பின்தங்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலறிஞரின் முன்முயற்சியால், 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் வைக்கலாயினர். ஏட்டுச் சுவடி ஒரே படியாக இருந்தால் செல்லுக்கு இரையாகும். பல ஊர்களில் பல படிகள் இருந்தால் பிழைக்கும். இதனை நம் முன்னோர் பட்டு அறிந்தனர். கணினியில் உள்ள எழுத்துக்கும் விதி அதுவேதான்.

2006-இல் அமேசான் நிறுவனம் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. வேண்டும்போது ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கலாம், வேண்டாதபோது அழிக்கலாம். 2015-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சென்னை உள்ளிட்ட மூன்று இந்திய நகரங்களில் தன் மேகச் சேவையை நிறுவிற்று. 2016-இல் அமேசான் மும்பையில் நிறுவிற்று. ‘மேகம்’ என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. அது வானத்தில் இல்லை. கதவும் பூட்டும் காவலும் உள்ள கட்டடங்களில், குளிர்காற்று ஓயாது வீச, அடுக்கடுக்காக நிற்கும் இயந்திரங்களே அது. அணை கண்ணில் படாததால் நீர் ஆகாயத்திலிருந்து குழாய்க்கு வருகிறது என்று எண்ணலாமா?

நம் தேனி மாவட்டத்தில் இந்த மேகம் வந்து இறங்கியது ஏலக்காய்ச் சந்தையில். போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் உள்ளன. முன்பு வாயால் விலை கூறிய ஏலம், பின்னர்க் கணினிவழி ஏலமாயிற்று. எனினும் வணிகர் அந்தந்த மையத்துக்கு நேரில் சென்றாக வேண்டும். 2020-இல் கொள்ளைநோய் பரவி, மாநில எல்லையைக் கடப்பதே அரிதாயிற்று. சரக்கு ஒரு பக்கம், வாங்குவோர் மறுபக்கம் என்றால் விலை என்னவாகும்? விளைவித்தவன் கதி என்னவாகும்? 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இரு மையங்களையும் இணைத்து மேகக் கணினிவழி ஏலத்தை வாரியம் தொடங்கியது. போடியில் அமர்ந்தவர் புற்றடி ஏலத்திலும், புற்றடியில் அமர்ந்தவர் போடி ஏலத்திலும் விலை கேட்கலாம். வழங்கி இரண்டு ஊர்களில் எதற்கும் கட்டுப்படாத பொது இடத்தில் இருப்பதன் பயன் இதில் தெளிவாகிறது.

இச்செய்தியே எனக்கு ஊக்கம் தந்தது. ஓய்வு பெற்ற பின், கல்லூரியில் பயிலும் பழைய மாணவர் இருவரை அழைத்து, எஞ்சிய ஆண்டு மலர்களை மேகக் கணினியில் ஏற்ற முனைந்தேன். அவர்கள் எனக்குக் கற்பித்ததை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஊரைத் தேர்ந்தோம். நமக்கு அருகில் என்று மும்பையைக் கொண்டோம். பின்னர் மிகச் சிறிய கணினி ஒன்றையும், அதன் இயங்குதளமாக உபுண்டு லினக்சையும் தேர்ந்தோம். அடுத்து வாயில்கள். 80, 443 என்னும் எண்ணுள்ள வாயில்கள் வலைப்பக்கம் படிக்க வருவோர்க்கு. அவை எல்லார்க்கும் திறந்திருக்கும். 22 என்பது கணினியைப் பராமரிப்போர் உள்ளே செல்லும் வாயில். அதை எங்களுக்கு மட்டும், அதுவும் மறைச்சாவி உடையவர்க்கு மட்டும் திறந்தோம். எல்லா மடைகளையும் திறந்து வைப்பவன் நல்ல மடைக்காரன் ஆகான்.

இறுதியில் தொடக்கக் கட்டளைகள். கணினியைக் கேட்டுப் பெறும்போதே ஒரு ஸ்கிரிப்டையும் கூடக் கொடுத்துவிடலாம். கணினி பிறந்து முதன்முதல் கண்விழிக்கும்போது, ‘கிளவுட்-இனிட்’ என்னும் மென்பொருள் அதை எடுத்து நிறைவேற்றும். எங்கள் கட்டளைகள் எளியவை: மென்பொருள் பட்டியலைப் புதுப்பி, ‘என்ஜின்எக்ஸ்’ என்னும் வலை வழங்கி மென்பொருளை நிறுவு, தனிச் சேமிப்பகத்தில் உள்ள எங்கள் பக்கங்களைக் கொண்டுவந்து உரிய இடத்தில் வை, வழங்கியைத் தொடங்கு, இனி எப்போது கணினி எழுந்தாலும் வழங்கியும் உடன் எழுக. கடைசிக் கட்டளை இன்றியமையாதது. ஏனெனில் இந்த ஸ்கிரிப்ட் இயல்பாக முதற் பிறப்பில் ஒரு முறைதான் இயங்கும். பின்னர் ஒவ்வொரு நாளும் துயில் எழுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. கணினி எழுந்தது, பக்கம் வரவில்லை. ஆராய்ந்தால், ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வெற்று வரி இருந்தது. இதனைப் படிக்க வேண்டிய நிரல் எது என்னும் குறிப்பு முதல் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். இல்லையேல் கணினி அதை ஸ்கிரிப்ட் என்றே மதிக்காது. இரண்டாம் முயற்சியும் பாதியில் நின்றது. மென்பொருளை நிறுவும் முன், ‘நிறுவலாமா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? வரக்கூடிய வினாவை முன்னறிந்து, விடையையும் கட்டளையிலேயே எழுதியிருக்க வேண்டும். நடந்ததை எல்லாம் கணினி ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைத்திருந்ததால் பிழைகளைக் கண்டோம். நல்ல மாணவனின் கணக்கேட்டில் விடை மட்டுமன்றி வழிமுறையும் இருப்பது போன்றது அது.

மூன்றாம் முறை மலரின் முதற் பக்கம் திரையில் வந்தது. நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, “இதை அழித்துவிடலாமா ஐயா?” என்று கேட்டான் ஒருவன். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. “அழித்துப் பார்த்தால்தான் ஐயா, திரும்ப வருமா என்று தெரியும்” என்றான். அழித்தான். புதிய கணினி ஒன்றைக் கேட்டு, அதே ஸ்கிரிப்டைக் கொடுத்தான். நாங்கள் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அதே பக்கம் மீண்டும் வந்து நின்றது. 2011-இல் ஓராண்டு முயன்றும் எங்களால் ஆகாதது, எழுதி வைத்த சில வரிகளால் ஆயிற்று.

ஆயினும் முதியவரின் குரல் வரவில்லை. ஸ்கிரிப்ட் இயந்திரத்தை மீட்கும். படி எடுத்து வைக்காத பொருளை அது மீட்காது. ஆகவே பக்கங்களை வழங்கியில் மட்டும் வைக்காமல், தனிச் சேமிப்பகத்தில் ஒரு படியும், ஊரில் ஒரு படியும் வைத்திருக்கிறோம். இன்னொன்றும் கூறவேண்டும். வாடகைப் பொருளுக்கு வாடகை தவறக் கூடாது. கணக்குக்குரிய பெயரும் மறைச்சொல்லும் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. அவற்றை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைப்பதும் ஆகாது. பெரியாற்று நீருக்கும் உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தது அல்லவா?

மாணவர்களே, உங்களில் சிலர் பெரிய பெரிய வழங்கிகளை ஆளப்போகிறீர்கள். பலர் வேறு தொழில்களுக்குச் செல்வீர்கள். எத்தொழிலாயினும், நீங்கள் இல்லாத நாளில் அவ்வேலையைப் பிறர் தொடங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், இன்றே எழுதத் தொடங்குங்கள். உங்கள் ஊரில் மடை பார்த்தவர், ஏலக்காய்க் கம்படுப்பில் காய் உலர்த்தியவர், பழைய பள்ளியில் பாடம் சொன்னவர் எவரேனும் இருப்பின், அவரிடமும் போய்க் கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஒரு முறை அழித்துப் பார்த்து, மீண்டும் வருகிறதா என்று சோதியுங்கள். அழிப்பதற்கு முன் மறவாமல் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.